ஒரே பாட்டில் பணக்காரன்

'சூரியவம்சம்' படத்தில் சரத்குமார் பஸ் முதலாளியாக எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு பாட்டு. பல்லவியில் சாதாரண ஆளாக இருப்பவர், பாட்டு ஓய்வதற்குள் வசதியான மனிதராகிவிடுகிறார். 1997இல் வந்த படம் இது. இன்றும் யாராவது சீக்கிரம் முன்னேறினால், 'என்ன, சூரியவம்சம் பாட்டு ஓடுச்சா?' என்று கிண்டல் செய்கிறோம். மனைவியும் அதே படத்தில் படித்துக் கலெக்டராகிவிடுகிறார். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகம், பயிற்சி, உதவி கலெக்டராகச் சில ஆண்டுகள் என்று அந்தப் பதவிக்குப் போகும் வழியெல்லாம் வேறு உலகத்து ஆட்களுக்கு.

கிண்டல் இருக்கட்டும். பஸ் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டில் காணாமல் போன ஒரு காகிதம் கண்ணில் படும். ரூட் பெர்மிட். பஸ்ஸைக் கடனில் வாங்கிவிடலாம், பெயின்ட் அடிக்கலாம், மாலை போடலாம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, காலை எத்தனை மணிக்கு என்று எழுதிய அனுமதி இல்லாமல் அது வெறும் இரும்பு. தனியார் பஸ் கைமாறும்போது வண்டியை விட அந்த ரூட்டுக்கும் டைமிங்குக்கும்தான் விலை பேசுவார்கள். கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் ஒரு பஸ் கம்பெனி வளர்ந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். பாதிக் கதை போக்குவரத்து அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நடந்திருக்கும். அந்தக் கதையில் சுவாரசியத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நம் சினிமா அதைத் தொடவில்லை.

பணம் தேடுவதைப் பற்றிய தமிழ்ப் படங்களை வரிசையாக யோசித்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தென்படுகிறது. நேர்மையாகச் சம்பாதிப்பது திரைக்கு வெளியே நடக்கிறது, அல்லது ஒரு பாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஏமாற்றிச் சம்பாதிப்பதற்கு மட்டும் இரண்டரை மணி நேரமும் கிடைக்கிறது, படிப்படியாக, செய்முறை விளக்கத்தோடு. ஏன் இப்படி?

முதலில் நேர்மையான பணத்தின் பக்கம். 'அண்ணாமலை' 1992. பால்காரர் ரஜினி, ஓட்டல் முதலாளியான நண்பனிடம் சவால் விட்டுக் கிளம்புகிறார். 'வெற்றி நிச்சயம்' பாட்டு வருகிறது, அவர் மேலே போகிறார். சவால் விடும் காட்சி அணுஅணுவாக எடுக்கப்பட்டது. சம்பாதிக்கும் காட்சிகள் துண்டு துண்டாக ஓடிப்போகின்றன. இந்தக் கதை 1987இல் வந்த 'குத்கர்ஸ்' என்ற இந்திப் படத்தின் மறுவடிவம். அதற்கும் பின்னால் ஜெஃப்ரி ஆர்ச்சரின் 'கேன் அண்ட் ஏபெல்' நாவல் இருக்கிறது. அந்த நாவலில் வங்கி, ஓட்டல், பங்கு என்று எதிரிகள் ஒருவர் காலை ஒருவர் வாரும் நுணுக்கம் ஏராளம். தமிழுக்கு வருவதற்குள் அதெல்லாம் வடிந்து, நட்பும் துரோகமும் மட்டும் தங்கின.

2007இல் வந்த ஷங்கரின் 'சிவாஜி' இன்னும் ஒரு படி மேல். நாயகன் அமெரிக்காவில் கணினித் துறையில் சம்பாதித்த 200 கோடியோடு சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறான். சம்பாத்தியம் படம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. மருத்துவமனையும் கல்லூரியும் கட்டப் போய் லஞ்சத்தில் அந்தப் பணம் கரைவதும், அடுத்தவர்களின் கறுப்புப் பணத்தை அவன் மடக்கி வெளிநாடு சுற்றி வெள்ளையாக்குவதும்தான் கதை. உழைத்துச் சேர்த்த 200 கோடிக்கு ஒரு வசனம் போதும். கறுப்பை வெளுக்கும் வழிக்கு மட்டும் நீளமான விளக்கம்.

'அருணாச்சலம்' படத்தில் (1997, சுந்தர் சி.) சம்பாதிக்கும் தொல்லையே கிடையாது. 30 நாளில் 30 கோடியைச் செலவழித்துத் தீர்த்தால் 3,000 கோடி சொத்து. தானம் செய்யக் கூடாது, கையில் எதுவும் மிஞ்சக் கூடாது. மூலம் 1902இல் அமெரிக்காவில் வந்த 'ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்' நாவல். ஹாலிவுட்டில் பலமுறை படமானது. 1985 பதிப்பில் 30 நாளில் 3 கோடி டாலரைச் செலவழித்தால் 30 கோடி டாலர். செலவழிப்பது கஷ்டம் என்று சொல்லும் கதை ஒரு நூற்றாண்டாக ஊர் ஊராகச் சுற்றுவதில் ஆச்சரியமில்லை. பார்க்க வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை. ஒரு சின்னக் கணக்கு: அன்று புழக்கத்தில் இருந்த பெரிய நோட்டு 500 ரூபாய். 30 கோடி என்றால் 6 லட்சம் நோட்டு, 6,000 கட்டு. நோட்டுக்கு ஒரு கிராம் என்று வைத்தாலும் 600 கிலோ. சினிமாவில் ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

சரி, காரணத்துக்கு வருவோம்.

பணத்தின் மீதான சந்தேகம் தமிழ் சினிமாவில் பழையது. என்.எஸ். கிருஷ்ணன் இயக்கி, கருணாநிதி வசனம் எழுதி, 1952 கடைசியில் வந்த படத்தின் பெயரே 'பணம்'. 'எங்கே தேடுவேன் பணத்தை' என்று கலைவாணர் பாடும் பாட்டு அந்தப் படத்தில்தான். பணத்தை அவர் எங்கெல்லாம் தேடுகிறார் என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். கறுப்பு மார்க்கெட், கஞ்சன் கை, கிண்டி ரேஸ் என்று போகிறது பட்டியல். போர்க்காலத்தில் தொடங்கிய ரேஷனும் கட்டுப்பாடும் பல ஆண்டுகள் நீடித்து, அவற்றை ராஜாஜி அரசு விலக்கியதும் அதே 1952இல்தான். அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, ஒருவன் திடீர்ப் பணக்காரனானால் அவன் அரிசியையோ துணியையோ பதுக்கியவன் என்பது சொந்த அனுபவம். படம் எடுத்தவர்கள் அதைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இருபது ஆண்டு கழித்து, 1972இல், சித்ராலயா கோபுவின் 'காசேதான் கடவுளடா'. வீட்டுப் பணம் முழுவதும் சித்தி மனோரமாவின் பிடியில். அதைக் கறக்க தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியார் வேடத்தில் வீட்டுக்குள் வருகிறார். தமிழில் வந்த மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களில் அதுவும் ஒன்று என்பேன். அதிலும் பணம் ஏற்கெனவே இருக்கிறது, பீரோவுக்குள். யார் எடுப்பது என்பதுதான் கேள்வி. எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்துச் சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1973-74ஆம் ஆண்டில் இந்தியாவில் வருமான வரியின் உச்ச விகிதம், கூடுதல் வரியும் சேர்த்து 97.75 சதவீதம். மேல்தட்டில் 100 ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய். தொழில் தொடங்க லைசென்ஸ், விரிவாக்க லைசென்ஸ், இறக்குமதிக்கு லைசென்ஸ். இந்த ஏற்பாட்டில் ஒருவன் கணக்குக் காட்டியே பெரிய பணக்காரனாக முடியும் என்று எந்தக் கதாசிரியரும் நம்பவில்லை. நம்பியிருந்தாலும் பார்ப்பவர்கள் சிரித்திருப்பார்கள்.

எழுபது, எண்பதுகளின் வில்லன் கையில் எப்போதும் தங்க பிஸ்கட் பெட்டி இருந்ததற்கும் சட்டம்தான் காரணம். 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி சாதாரண ஆள் நகை வைத்துக்கொள்ளலாம், தங்கக் கட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளூர் விலைக்கும் துபாய் விலைக்கும் இருந்த இடைவெளியில் ஒரு தொழிலே முளைத்தது. படகில் வந்து இறங்கியவை பத்துத் தோலா பிஸ்கட்டுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 116 கிராம். கடற்கரை, படகு, டார்ச் லைட் சிக்னல், பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் மஞ்சள் வெளிச்சம் எல்லாம் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். 1990இல் சட்டம் ரத்தானது. கொஞ்சம் கொஞ்சமாக பிஸ்கட் பெட்டியும் திரையிலிருந்து மறைந்தது. இன்றைய வில்லனுக்கு கிரானைட் குவாரியும் தனியார் கல்லூரியும் ரியல் எஸ்டேட்டும். சட்டம் எங்கே இடைவெளி விடுகிறதோ, அங்கே வில்லன் குடியேறுகிறான்.

இன்னொரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் அனுமானம்தான். படம் எடுப்பவர்களே எப்படிச் சம்பாதித்தார்கள் என்பது அது. திரைத்துறைக்கு 'தொழில்' என்ற அந்தஸ்தை மத்திய அரசு அறிவித்தது 1998இல். அதுவரை வங்கிக் கதவு தயாரிப்பாளருக்குத் திறக்கவில்லை. அதற்கப்புறமும் பெரும்பாலோர் பைனான்சியரிடம்தான் போனார்கள். வட்டிக்கு வாங்கிப் படம் எடுப்பது, ஏரியா ஏரியாவாக உரிமையை விற்பது, ரிலீசுக்கு முந்தின ராத்திரி கடனைத் தீர்த்து, பிரிண்டை வெளியே விடலாம் என்று லேபுக்குக் காட்டும் 'லேப் லெட்டர்' வாங்கிப் படப்பெட்டியை அனுப்புவது. வெள்ளிக்கிழமை மேட்னிக்குள் தெரிந்துவிடும், தயாரிப்பாளர் பங்களாவா தெருவா என்று. மாதா மாதம் கொஞ்சமாக லாபம் சேர்த்து, கணக்கு எழுதி, மறு முதலீடு செய்து வளரும் அனுபவம் அந்தத் தொழிலில் குறைவு. பணம் வந்தால் மொத்தமாக வரும், போனால் மொத்தமாகப் போகும். இப்படி வாழ்ந்தவர்கள் கதை எழுத உட்கார்ந்தால் புதையல், லாட்டரி, சவால், பரம்பரைச் சொத்து என்றுதானே கை போகும்?

சம்பாதிக்கும் வேலையைக் காட்டினால் படம் போரடிக்கும் என்று ஒரு பதில் சொல்வார்கள். பால் தாமஸ் ஆண்டர்சன் 2007இல் எடுத்த 'தேர் வில் பி பிளட்' படத்தின் ஆரம்பத்தைப் பார்த்தவர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 1898, ஒரு தனி ஆள், ஒரு குழி, ஒரு கடப்பாரை. வெள்ளித் தாது தேடித் தோண்டுகிறான். ஏணி உடைந்து விழுகிறான், கால் முறிகிறது. ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு, முதுகால் தரையில் தேய்த்தே ஊர் வரை போகிறான். படத்தின் தொடக்கத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் ஏறக்குறைய பேச்சே கிடையாது. அவன் நல்லவனா கெட்டவனா என்று அந்த நிமிடம் வரை படம் சொல்லவில்லை. உழைப்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான். இமைக்காமல் பார்க்கிறோம்.

இனி மோசடியின் பக்கம்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளைக் கடந்து வந்த எந்தக் குடும்பத்துக்கும் 'பைனான்ஸ்' என்றால் ஒரு கதை இருக்கும். நூற்றுக்கு இரண்டு வட்டி, இரண்டரை வட்டி, மாதம் பிறந்தால் கையில் காசு. என் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் பாதியை அப்படி ஒரு நிறுவனத்தில் போட்டார். எட்டு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. ஒன்பதாவது மாதம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது, வாசலில் நூறு பேர். பாஸ்புக் இன்னும் அவர் பீரோவில் இருக்கிறது, ஏனோ தூக்கிப் போட மனம் வரவில்லை. இப்படி ஊருக்கு ஊர் நடந்ததால்தான் 1997இல் தமிழ்நாடு அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கப்புறமும் ஈமு கோழி முதலீடு வந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கத்தில் அது சரிந்தபோது பறவைகளுக்குத் தீனி போடக்கூட ஆள் இல்லாமல் போனது.

இவ்வளவு நடந்தும் இதைப் பற்றி நேரடியாக ஒரு படம் வர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெச். வினோத்தின் முதல் படம், 'சதுரங்க வேட்டை'. மனோபாலா தயாரிப்பு, நட்டி நாயகன். மண்ணுளிப் பாம்பு, ஆள் சேர்க்கும் சங்கிலித் திட்டம், அட்சய திருதியைத் தங்கம், அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்று ஒவ்வொரு மோசடியும் ஓர் அத்தியாயம் போல வருகிறது. எல்லாமே செய்தித்தாளில் படித்தவை, பக்கத்து வீட்டில் நடந்தவை. நாயகன் பெயர் காந்தி பாபு. 1996 முதல் நம் நோட்டுகளில் சிரிப்பவரும் ஒரு காந்திதானே.

படத்தின் பலம், ஏமாற்றுபவனை விட ஏமாறுபவனைக் கூர்ந்து கவனித்தது. ஒருவனை விழவைக்க வேண்டுமென்றால் அவன் இரக்கத்தைத் தட்டாதே, ஆசையைத் தட்டு என்கிறான் நாயகன். மண்ணுளிப் பாம்பை யாரும் பாம்புக்காக வாங்குவதில்லை. கோடி ரூபாய்க்கு வாங்க இன்னொருவன் காத்திருக்கிறான் என்று நம்பி வாங்குகிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்பதால், ஏமாந்தவன் போலீசுக்கும் போக முடியாது. இந்த வகை மோசடிகளின் பூட்டு அதுதான். ஏமாந்தவனையும் கூட்டாளியாக்கிவிட்டால் சத்தம் வராது.

சங்கிலித் திட்டத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஒருவர் இருவரைச் சேர்க்க வேண்டும், அந்த இருவரும் ஆளுக்கு இருவர். கேட்கும்போது இரண்டு பேர்தானே என்று தோன்றும். 10ஆவது படியில் 1,024 பேர். 20ஆவது படியில் பத்து லட்சத்துக்கு மேல். 26ஆவது படிக்கு மட்டும் 6.71 கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடி. கைக்குழந்தையைச் சேர்த்தாலும் அடுத்த படிக்கு ஆள் இல்லை. கடைசிப் படியில் இருப்பவர்கள்தான் எப்போதும் கூட்டத்தில் பாதிப் பேர், அவர்கள் கட்டிய பணம் மேலே போயிருக்கும். பணச் சுழற்சித் திட்டங்களை இந்தியா 1978லேயே தடை செய்துவிட்டது. கோட் சூட்டும் கல்யாண மண்டபமும் கைத்தட்டலும் மட்டும் நிற்கவில்லை.

'சதுரங்க வேட்டை'யின் இரண்டாம் பாதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அவன் திருந்த வேண்டும், காதலிக்க வேண்டும், அடி வாங்க வேண்டும். முதல் பாதியில் வேலையைக் காட்டிய படம், இரண்டாம் பாதியில் தீர்ப்புச் சொல்லப் போய்விட்டது. அதே வினோத் 2023இல் அஜித்தை வைத்து எடுத்த 'துணிவு' படத்தில் மோசடி பாம்பிலிருந்து வங்கிக்கு நகர்ந்திருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் என்ற பெயரில் வாடிக்கையாளர் தலையில் எதை எதையோ கட்டும் வங்கியைப் பற்றி, கொள்ளைக்கு நடுவே ஒரு பாடமே நடத்துகிறது.

அடுத்த வருடம் தெலுங்கிலிருந்து தமிழும் பேசிக்கொண்டு வந்தது வெங்கி அட்லூரியின் 'லக்கி பாஸ்கர்'. துல்கர் சல்மான், பம்பாயில் ஒரு வங்கிக் காசாளர். பின்னணியில் இருப்பது ஹர்ஷத் மேத்தா விவகாரம். அது என்ன என்று தெரிந்தால் படம் இன்னும் ருசிக்கும்.

வங்கிகள் தங்களிடம் உள்ள அரசுப் பத்திரங்களை ஒன்றுக்கொன்று விற்றுக்கொள்ளும். 'இன்று உனக்கு விற்கிறேன், பதினைந்து நாளில் கொஞ்சம் கூட விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்' என்ற ரகம். நடைமுறையில் அது குறுகிய காலக் கடன். ஒவ்வொரு முறையும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதென்று, 'பத்திரம் என்னிடம் இருக்கிறது' என்று ஒரு ரசீது கொடுத்தார்கள். வங்கி ரசீது, சுருக்கமாக பி.ஆர். நடுவில் ஹர்ஷத் மேத்தா போன்ற தரகர். காசோலை வங்கியிலிருந்து வங்கிக்குப் போவதற்குப் பதில் தரகரின் கணக்கு வழியாகப் போனது. அடுத்த ரசீது வரும் வரை அந்தப் பணம் பங்குச் சந்தையில் விளையாடியது. போகப் போக, பத்திரமே இல்லாமல் ரசீது எழுதிக் கொடுக்கவும் சில சிறிய வங்கிகள் கிடைத்தன. சந்தை ஏறிக்கொண்டே போனது, 1992 ஏப்ரலில் பம்பாய் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியது. அதே மாதம் பத்திரிகையாளர் சுசேதா தலால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதிய செய்தியோடு எல்லாம் வெளியே வந்தது. ரிசர்வ் வங்கி அமைத்த ஜானகிராமன் குழு கணக்குப் போட்ட ஓட்டை 4,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

'லக்கி பாஸ்கர்' இதையெல்லாம் ஒரு சிற்றூழியனின் மேஜையிலிருந்து காட்டுகிறது. பதவி உயர்வு கிடைக்காதவன், கடன்காரனிடம் அவமானப்பட்டவன். அவன் எடுக்கிறான், பயப்படுகிறான், மீண்டும் எடுக்கிறான், சரியான நேரத்தில் விலகுகிறான். கடைசியில் பிடிபடுவதும் இல்லை, திருந்திப் பணத்தைத் திருப்பித் தருவதும் இல்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போய்விடுகிறான். தியேட்டரில் கைத்தட்டல். கலைவாணர் பாடிய நாட்களில் இந்த முடிவை யாராவது எழுதியிருந்தால் கொட்டகையில் செருப்பு பறந்திருக்கும். மாதச் சம்பளம், இஎம்ஐ, உயராத பதவி என்று உட்கார்ந்திருப்பவர்கள் இன்று அவனில் தங்களைப் பார்க்கிறார்கள். வங்கிக்காக யாரும் வருத்தப்படவில்லை.

நேர்மையாகத் தொழில் செய்வதைப் பாட்டுக்குள் ஒளிக்காமல் காட்டிய பெரிய படம் என்றால், சுதா கொங்கராவின் 'சூரரைப் போற்று'தான் சட்டென்று நினைவுக்கு வருகிறது. ஏர் டெக்கான் விமான நிறுவனத்தைத் தொடங்கிய கேப்டன் கோபிநாத்தின் 'சிம்ப்ளி ஃப்ளை' நூலைத் தழுவி 2020இல் வந்தது. கன்னடக்காரரான அவர் இங்கே சோழவந்தான்காரர் ஆகிவிட்டார், அது சினிமா. லைசென்சுக்கு அலைவது, வங்கியில் கை விரிப்பது, ஊர்க்காரர்கள் சேர்த்துக் கொடுக்கும் பணம் என்று முதலீடு எங்கிருந்து வருகிறது, எங்கே முட்டுகிறது என்பதையெல்லாம் படம் பொறுமையாகச் சொல்கிறது. அந்த வீட்டில் மாதா மாதம் வருமானம் கொண்டுவருவது மனைவி பொம்மியின் பேக்கரி. அந்த பேக்கரி எப்படி வளர்ந்தது என்று ஒரு படம் எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

விமானங்கள் பறக்கத் தொடங்கி, சாமானியர்கள் அதிலிருந்து இறங்குவதோடு 'சூரரைப் போற்று' கண்ணீரும் கைத்தட்டலுமாக முடிகிறது. நிஜத்தில் அது 2003. ஒரு ரூபாய் டிக்கெட்டும் நிரம்பிய இருக்கைகளும் இருந்தன, லாபம் இல்லை. 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் ஏர் டெக்கானில் 26 சதவீதப் பங்கை வாங்கியது, மறுவருடம் அது மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தோடு கலந்தது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரும் பறப்பதை நிறுத்தியது. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. இந்தப் பகுதியை எடுக்க ஒரு பாட்டு பத்தாது.